கனி ராவுத்தரின் சாட்சி

என் கணவர் பொய்ச்சாட்சி சொன்னார். அது பொய் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. சொல்ல வைத்தவள் நான்.

இன்னும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். கல்யாணமான முதல் பன்னிரண்டு வருடமும் ரமலான் வந்து போயிற்று. அதில் ஒன்றில்கூட நான் பிடிக்க வேண்டிய நோன்பு முழுவதையும் பிடித்ததில்லை. பாதி தேறினால் அதிகம். பிடித்ததாக வீடு நம்பியது. அந்த நம்பிக்கையைக் கொண்டுபோய்க் கோயமுத்தூரில் ஒரு மனநல டாக்டரின் மேசையில் என் கணவர் வைத்தார். அந்த டாக்டர் அதைத் தாளில் எழுதிக்கொண்டார். அந்தத் தாளைப் பார்த்துத்தான் உடம்பு இளைப்பதற்காக என் வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷனைச் செய்தார்கள்.

செய்த பாவத்தைத் தெருவில் இறைக்காதே, படைத்தவனிடம் மட்டும் சொல்லி அழு என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்தவர் சொல்லியிருக்கிறார். நோன்பை முறித்தது எனக்கும் அவனுக்கும் உள்ள விவகாரம். அதற்காக நான் எழுதவில்லை. மீதி மனிதர்களுக்குச் செய்தது. அதை மனிதர்களிடம்தான் சொல்ல வேண்டும். நேரே சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பேர். அவர்களிடம் சொல்லத் தைரியமில்லாமல் உங்களிடம் சொல்கிறேன். முகம் தெரியாதவர் என்பதால் நீங்கள் எனக்கு வசதி... கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் பெயர் ஜெய்த்தூன். ஊர் உத்தமபாளையம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்புறம் மளிகை கட்டி வந்த காகிதம், நூலகத்துப் புத்தகம் என்று நானாகப் படித்ததுதான். அதைவிட அதிகம் மனிதர்கள் வாயிலிருந்து படித்தேன். யார் என்ன சொன்னாலும் என் காது பொறுக்கி வைத்துக்கொள்ளும். ஒருநாள் ஆட்டோக்காரத் தம்பி ஒருவன், “அக்கா, நடுவுல உக்காருங்க. ஓரத்துல உக்காந்தா வண்டி ஒருக்களிச்சுப் படுத்துக்கிரும்” என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்தால் அவமானம் பாதியாகிவிடும் என்பது என் அனுபவம். மீதிப் பாதியை வீட்டுக்குப் போய்த் தின்பேன்.

என் கணவர் அப்துல் கனி. நான் மச்சான் என்று கூப்பிடுவேன். ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். மற்றவர் தோட்டத்துப் பழத்தையும் வாங்கி வெளியூருக்கு அனுப்புவார். பெட்டியின் அடியில் நசுங்கின கொத்தைப் போட்டு மேலே நல்ல கொத்தை அடுக்குவது அவருக்கு வராத வித்தை. எங்கள் ஆட்களில் நிக்காஹ் என்றால் இரண்டு சாட்சி வேண்டும். அதில் ஒன்றுக்கு அவரைத்தான் தேடி வருவார்கள். வரப்புத் தகராறானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். “கனி பாய் பாத்தேன்னு சொல்லிட்டாரா? அப்பப் பாத்ததுதான்” என்பார் அனுமந்தன்பட்டி முருகேசன். முருகேசன் திராட்சை விவசாயி, எங்களுக்கு வெகுநாள் பழக்கம். அவர் பின்னால் வருவார், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்சிக்குப் போகும்போது போடவென்று ஒரு வெள்ளைச் சட்டை தனியாக வைத்திருக்கிறார் என் கணவர். அதற்கு இஸ்திரி போடுவது என் வேலை.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கு நோன்பு கிடையாது. விட்ட நாட்களை ரமலான் போன பிறகு பிடித்து நிரப்ப வேண்டும். நோன்பில்லை என்பதற்காகக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? ஆண்கள் பார்ப்பார்கள், பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள், வெட்கம். அதனால் அடுப்படிக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவோம். உள்ளே யார் என்று பெண்கள் யாரும் கேட்க மாட்டார்கள். ஆண்கள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள். என் மாமியார் இருந்தவரை அவரே தட்டைக் கொண்டுவந்து வைப்பார். “வெறும் வயித்தோட கெடக்காத. உள்ள போயித் தின்னு, அவன் வர்ற நேரம்” என்பார்.

எவ்வளவு கரிசனமான கதவு அது! நான் அதைத் திருடிக்கொண்டேன்.

கல்யாணமான புதிதில் ரமலான் தை மாதப் பனியில் வந்தது. தாகமே எடுக்காத நோன்பு. சின்னப் பிள்ளைகள்கூடப் போட்டி போட்டுக்கொண்டு பிடித்தார்கள். ஐந்து நாள் கதவுக்குப் பின்னால் சாப்பிட்டேன். ஆறாம் நாள் குளித்துச் சுத்தமாகி நோன்பு வைத்தேன். காலை பதினொரு மணி இருக்கும், அரிசி எடுக்கச் சாமான் அறைக்குள் போனேன். கை தானாகக் கதவைச் சாத்தியது. அரிசி டிரம்முக்குப் பின்னால் முந்தாநாள் வைத்த தேங்காய்ப்பால் முறுக்கு இருந்தது. நின்றபடியே நாலு தின்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பசியா என்றால், இல்லை. சத்தியமாக இல்லை. அந்த அறைக்குள் நான் யாருக்கும் மருமகள் இல்லை, மனைவி இல்லை, யாரும் என்னைக் கூப்பிட முடியாது... அது ஒரு பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்கு நுழைவுச் சீட்டு மாதிரி ஏதாவது வாயில் போட வேண்டியிருந்தது. இதெல்லாம் இப்போது எழுதும்போது தோன்றுகிற விளக்கம். அப்போது முறுக்கு மட்டும்தான் தெரிந்தது.

அடுத்த வருடம் ஐந்து நாள் ஒன்பதானது. அதற்கடுத்த வருடம் எந்த நாள் எது என்பதே போயிற்று. ரமலான் முடிந்தும் அந்த அறை முடியவில்லை. மகள் பிறந்தாள், மாமியார் காலமானார், வீட்டில் பெண் என்று நான் ஒருத்திதான். கதவு இன்னும் சுலபமாயிற்று. நாலு பேர் முன்னால் மட்டும் கோழி கொத்துவது போலச் சாப்பிடுவேன். கல்யாண வீட்டில் பிரியாணியை ஓரமாக ஒதுக்கி வைப்பேன். “ஜெய்த்து காத்தைக் குடிச்சே ஊதிப்போறா” என்பார்கள் பெண்கள்.

நோன்பு திறக்கும் நேரம் பேரீச்சம் பழத்தை என் கணவர் முதலில் என் கையில்தான் தருவார். “நாள் பூராவும் அடுப்புல நின்னவ, நீ மொதல்ல தெற” என்பார். வாங்கிக்கொள்வேன். அந்தப் பழத்தின் கொட்டையைத் துப்பக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கும்.

முப்பத்து நாலு வயதில் என் எடை நூற்றுப் பதினெட்டுக் கிலோ. சர்க்கரை வந்தது. முட்டி இரண்டும் தேய்ந்தது. தரையில் நெற்றி வைத்துத் தொழ முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன். என் கணவருக்கு ஒரே ஆசை, இரண்டு பேருமாக ஹஜ்ஜுக்குப் போக வேண்டும். அங்கே நிறைய நடக்க வேண்டும். “ஒன்னைய வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டுப் போறதுக்கு எனக்குக் கூச்சமில்ல. ஆனா நீ நடந்து போனாத்தான் ஒனக்கு மனசு நெறையும்” என்றார். அவர் அப்படித்தான். எனக்கு எது நிறையும் என்பதை அவர் யோசிப்பார்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் இதற்கு ஆபரேஷன் செய்கிறார்கள் என்று விசாரித்து வந்தவரும் அவர்தான். சர்ஜன் பார்த்தார், இரத்தம் பார்த்தார்கள், இருதயம் பார்த்தார்கள். கடைசியாக, “சைக்காலஜி டாக்டரை ஒருதரம் பாக்கணும். அவங்க சரின்னு சொன்னாத்தான் தேதி” என்று சொல்லி இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

சர்ஜன் வயிற்றை மட்டும்தான் திறப்பார். இவர்கள்?

எங்கள் தெருவில் ஸ்டெல்லா குடியிருந்தாள். ராயப்பன்பட்டிக்காரி, தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளிடம் கேட்டேன்.

“ஒண்ணுமில்லக்கா. ஒளிச்சு வச்சுத் திம்பீகளா, கவலை வந்தாத் திம்பீகளா, ராத்திரி எந்திரிச்சுத் திம்பீகளான்னு கேப்பாக. எல்லாத்துக்கும் இல்லைன்னுருங்க.”

“உள்ளதைச் சொன்னா?”

“நல்லாருக்கே கதை. பொண்ணு பாக்க வந்தவககிட்ட, எனக்குக் கொறட்டை வரும், கோவம் வந்தாத் தட்டைத் தூக்கி எறிவேன்னு எந்தப் பிள்ளையாச்சும் சொல்லுமா? கட்டுன பெறகு தெரிஞ்சுக்கிறட்டும்.”

இங்கேதான் நாங்கள் இடறினோம். எங்கள் ஊரில் ஒருவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டால், அது பெண் பார்ப்பதுதான். குறையைப் பின்னால் தள்ளி நிறையை முன்னால் வைக்க வேண்டும். பிடித்தால் எடுப்பார்கள், பிடிக்காவிட்டால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். குணமாக்குவதற்காகவும் ஒருவர் குறையைக் கேட்கலாம் என்பது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

ஸ்டெல்லாவைக் குறை சொல்ல மாட்டேன். மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. பொதுவாகச் சொன்னாள். நான்தான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று சாயங்காலம் ஒத்திகை நடந்தது. ஸ்டெல்லா டாக்டர். என் கணவரின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பால் கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள்.

“நீங்க ஒளிச்சு வச்சுச் சாப்பிடுறதுண்டா?”

“இல்ல.”

“அய்ய, இவ்வளவு வெரசா இல்லைங்காதீக. கேக்கக் காத்திருந்தாப்ல இருக்கு. கொஞ்சம் மேல பாத்து யோசிங்க. அப்புறம், ‘அப்படியெல்லாம் பழக்கமில்லையே’ன்னு இழுங்க.”

மேலே பார்த்து யோசித்தேன். இழுத்தேன். “அதான்! அக்கா நடிக்கப் போயிருக்கலாம்” என்று கைதட்டினாள். எந்தச் சேலை கட்டுவது என்றுகூட முடிவு செய்தோம். சாயம் போனது கட்டினால் மனம் சரியில்லை என்று எழுதிவிடுவார்களாம். பட்டுக் கட்டினால் தலைகால் புரியாதவள் என்று எழுதுவார்களாம். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வாயில் சேலையை எடுத்து வைத்தோம்.

என் கணவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டு வந்தார். “உள்ளதைச் சொல்றதுக்கு என்னத்துக்கு ரெண்டு பேரும் பாடம் படிக்கிறீக?” என்று கேட்டுவிட்டு, ஸ்டெல்லாவின் மூக்கிலிருந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனார்.

ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பொங்கல் கழிந்த வாரம் பஸ் ஏறினோம். தேனி, வத்தலக்குண்டு, பழனி என்று நாள் முழுக்கப் பயணம். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை. மனநல டாக்டர் ஒரு பெண், வயதில் என்னைவிடச் சின்னவர். கொங்குப் பேச்சு, பதமான குரல். முதலில் தாளில் கேள்விகள் தந்தார். ‘கட்டுப்பாடின்றி உண்ணும் தருணங்கள் உங்களுக்கு உண்டா?’ என்று பாடப்புத்தகத் தமிழில் அச்சடித்திருந்தது. நாலு கட்டம். ஒருபோதும் இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டேன். எல்லாக் கேள்விக்கும் அதே கட்டம். மேலிருந்து கீழாக வரிசையாக, நாற்று நட்டது போல என் கோடுகள் நின்றன.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

“அக்கா, இது பாஸ், பெயில் போடற பரீட்சை இல்லீங்க. யாரையும் திருப்பி அனுப்ப நான் இங்க உக்காந்திருக்கலை. ஒளிச்சு வெச்சு சாப்பிடற பழக்கம் இருந்தா, முதல்ல அதைப் பத்தி நாலு தடவை உக்காந்து பேசுவோம். அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம். சொல்லாம விட்டா, வயித்தைச் சின்னதாக்கியும் பிரயோசனம் இருக்காதுங்க. மனசு பழைய வழியிலயே போகும்.”

இவ்வளவு தெளிவாக அவர் சொன்னார். நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

வாய்வரை வந்தது. ‘ஒரு அறை இருக்குங்க டாக்டர்’ என்று ஆரம்பித்தால் போதும், மீதி தானாக வந்திருக்கும். ஆனால் ஸ்டெல்லா அதற்கும் பாடம் சொல்லியிருந்தாள். “நைசாத்தான் பேசுவாக. மசிஞ்சிராதீக.” நான் மேலே பார்த்தேன். கொஞ்சம் யோசித்தேன். “அப்படியெல்லாம் பழக்கமில்லையே” என்று இழுத்தேன்.

டாக்டர் என் தாளை மறுபடி ஒருதரம் பார்த்தார். பிறகு, “வீட்டுக்காரரையும் கூப்பிட்டுப் பேசலாங்களா?” என்றார்.

என் கணவர் வந்தார். சாட்சிக்குப் போடும் வெள்ளைச் சட்டைதான் அன்றும் போட்டிருந்தார். வெளியூர் ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர்கள் என்று மரியாதைக்குப் போட்டது.

“இந்த ஆபரேஷனுக்கு முன்னாலயும் பின்னாலயும் ரொம்பக் கட்டுப்பாடா இருக்கணுங்க. வாரக்கணக்கா வெறும் தண்ணியா மட்டும் குடிக்கணும். அவங்களால முடியும்னு நினைக்கறீங்களா?”

“முடியுமாவா?” என் கணவர் சிரித்தார். “டாக்டரம்மா, நாங்க வருசம் ஒரு மாசம் நோன்பு பிடிக்கிறவுக. விடியக்காலைப் பாங்குல இருந்து பொழுது எறங்குற பாங்கு வரைக்கும் பச்சைத் தண்ணி கெடையாது. இவ எனக்கு வாக்கப்பட்டுப் பன்னெண்டு வருசம். சுகமில்லாத நாளு போக ஒரு நோன்பு விட்டதில்ல. அம்புட்டு நேரமும் அடுப்புல நின்னு எல்லாருக்கும் ஆக்குவா, நாக்குல வச்சு ருசி பாக்க மாட்டா. என் கண்ணால பாத்தது.”

என் கண்ணால பாத்தது... ஒருநாளும் சாமான் அறைப் பக்கம் வராத கண்.

டாக்டரின் முகம் மாறியது. எங்கள் மீதிருந்த சந்தேகம் கரைந்து மரியாதை வந்ததை நான் பார்த்தேன். “தண்ணிகூட இல்லாமயா, முப்பது நாளும்?” என்று என் பக்கம் திரும்பிக் கேட்டார். “அப்படிங்களா அக்கா?”

இதற்கு ஸ்டெல்லா பாடம் சொல்லித் தரவில்லை. இந்தக் கேள்வி அவள் நோட்டில் இல்லை. இது நானாகச் சொன்ன பதில்.

தலையசைத்தேன்.

அவர் பேனாவைத் திறந்து எழுதினார்.

திரும்பும்போது வத்தலக்குண்டில் பஸ் நின்றது. என் கணவர் இறங்கிப்போய் எனக்குச் சர்க்கரை போடாத டீ வாங்கி வந்தார். “நீ எம்புட்டுப் பயந்த. உள்ளதைச் சொன்னா யாரு மறிக்கப் போறாக?” என்றார். டீ சுட்டது. ஊதி ஊதிக் குடித்தேன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஆறு மாதத்தில் இருபத்தெட்டுக் கிலோ குறைந்தேன். தரையில் உட்கார்ந்து தொழுதேன். தெருவில் எல்லோரும் நிறுத்திப் பேசினார்கள். ஆட்டோக்காரத் தம்பி, “அக்கா, இனி நீங்க எங்கன வேணாலும் உக்காருங்க” என்றான்.

அந்த வருட ரமலான் வந்தது. நோன்பு கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, ரமலான் பகலில் சாப்பிட எனக்கு முழு அனுமதி. என் கணவர் மதியம் தோட்டத்திலிருந்து வேண்டுமென்றே வருவார். தாம் நோன்போடு என் எதிரே உட்கார்ந்து, “கூடத்துல உக்காந்து தின்னு. இப்ப ஒனக்கு எந்த வெக்கமும் வேணாம்” என்று இட்லியைப் பிட்டுத் தட்டில் போடுவார். அரை இட்லி சாப்பிட்டுப் போதும் என்பேன். “அம்புட்டுத்தானா?” என்று கவலைப்படுவார்.

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்கும். நான் எழுந்து சாமான் அறைக்குப் போவேன்.

சுருக்கிய வயிற்றில் சோறு இறங்காது. ஆனால் உருகுவது எல்லாம் இறங்கும். பால்கோவா, சீனிப்பாகு, டின்னில் வரும் கெட்டிப்பால். கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க. டாக்டர் எழுதிக் கொடுத்தது போலவே. சாப்பிடத் தடையே இல்லாத வருடத்திலும் நான் ஒளிந்து சாப்பிட்டேன். அப்போதுதான் அந்தப் பெண் டாக்டர் பேனாவை மூடி வைத்துச் சொன்னது எனக்குப் புரிந்தது. எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கதவு. அதை எந்தச் சர்ஜன் வெட்டி எடுப்பார்?

அடுத்த வருடம் பத்தொன்பது கிலோ திரும்பி வந்தது. சர்க்கரையும் வந்தது. முட்டியும் பழையபடி ஆனது.

என் கணவர் பதறிப்போய் மறுபடி கோயமுத்தூர் அழைத்துப் போனார். குழாய் விட்டுப் பார்த்தார்கள். “ஆபரேஷன்ல ஒரு குறையும் இல்லை. என்ன சாப்பிடறாங்கன்னு வீட்ல கவனிங்க. மனநல டாக்டரையும் மறுபடி பாருங்க” என்று சர்ஜன் சொன்னார். என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

“அவ அரை இட்லி திங்கிறதை என் கண்ணால பாக்குறேன். ஒங்க வேலையில குத்தத்தை வச்சுக்கிட்டு என் வீட்டுக்காரியத் திருடிங்கிறீகளா?”

அங்கிருந்து என் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டி வந்துவிட்டார். நான் எழுந்து வந்தேன். அதற்கப்புறம் கேட்டவர்களிடமெல்லாம் அந்த ஆபரேஷன் ஏமாற்று என்று சொல்ல ஆரம்பித்தார். கனி பாய் சொன்னால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கே கேட்கும். ஹஜ்ஜுக்கும் போகவில்லை. “நீ சரியாகு, சேந்து போவோம்” என்று தள்ளி வைத்திருக்கிறார்.

இத்தோடு போயிருந்தால்கூட இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

இந்த வருடம் மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முருகேசன் தம் மகள் செல்வியைக் கூட்டிக்கொண்டு வந்தார். செல்விக்கு இருபத்து நாலு வயது. தேனியில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தாள். நான் இருந்ததைவிட எடை அதிகம். படுத்தால் மூச்சு அடைக்கிறது, பஸ் படியில் ஏற முடியவில்லை என்று வேலையை விட்டுவிட்டாள். கோயமுத்தூரில் அதே ஆபரேஷனைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மனநல டாக்டரைப் பார்க்க நாளும் குறித்துவிட்டார்கள்.

“பாய், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. போகலாமா, வேணாமா?” என்றார் முருகேசன்.

என் கணவர் என்னைக் காட்டினார். “இந்தா, கண்ணு முன்னால நிக்கிறா பாருங்க. பச்சப்பிள்ளை திங்கிறதுகூடத் திங்கிறதில்ல. நோன்பு நூத்து வளந்த ஒடம்பு. இவளுக்கே ஊதிப்போச்சுன்னா தப்பு யாரு மேல? பிள்ளைய அறுக்கக் குடுக்காதீக.”

முருகேசன் நீண்ட மூச்சு விட்டார். “நீங்க பாத்துட்டுச் சொல்றீக. அப்புறம் என்ன?” என்றார்.

நான் டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். செல்வி பின்னாலேயே வந்தாள். நடந்து வந்ததற்கே இரைத்தது. சாமான் அறைக் கதவில் சாய்ந்து நின்றாள்.

“அத்த, நெசமாவே ஒண்ணும் சாப்பிடலையா நீங்க?”

நான் தம்ளரைக் கழுவினேன்.

“எனக்கு பீரோவுல,” என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “சேலைக்கு அடியில. பிஸ்கட்டு, சேவு, மிக்சரு. அம்மாவுக்குத் தெரியாது. அந்த மனசு டாக்டருகிட்ட இதைச் சொல்லலாமா வேணாமான்னு கேக்கத்தான் அப்பாவக் கூட்டிக்கிட்டு வந்தேன். ஒங்ககிட்டத்தான் கேக்க முடியும்னு தோணுச்சு.” கொஞ்சம் நிறுத்தி, “ஒங்களுக்கு எங்கன அத்த?” என்றாள்.

நீங்கள் கவனிக்க வேண்டும்... ஒளிப்பீர்களா என்று அவள் கேட்கவில்லை. எங்கன என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. குற்றம் கண்டுபிடிக்க வந்தவளில்லை. துணை தேடி வந்தவள். அவள் சாய்ந்திருந்த கதவுக்குப் பின்னால் மூன்று அடியில் அரிசி டிரம். அதற்குப் பின்னால் அன்று காலை திறந்த டின், அதில் கரண்டி.

கூடத்தில் என் கணவர் முருகேசனிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் வாயைத் திறந்தால் அந்தச் சிரிப்புவரை போகும் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. அவள் மூச்சை நினைக்கவில்லை.

நான் மேலே பார்த்தேன். கொஞ்சம் யோசித்தேன்.

“அப்படியெல்லாம் பழக்கமில்லையே தாயி.”

செல்வியின் முகம் வாடவில்லை. அழவில்லை. கழுவின தம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். “சரி அத்த” என்றாள். இடறி விழுந்தவள் யாரும் பார்க்கவில்லையே என்று எழுந்து சேலையைத் தட்டிக்கொள்வாளே, அப்படி இருந்தது அந்தச் ‘சரி’. தனக்கு மட்டும்தான் இந்த ஈனம் என்று முடிவு கட்டிக்கொண்டு அவள் போனாள்.

அவர்கள் கோயமுத்தூர் போகவில்லை.

போன மாதம் முருகேசன் பழப் பணம் வாங்க வந்தார். “பிள்ளை எப்படி இருக்கா?” என்று கேட்டேன். “படுக்க முடியல தாயி. செவுத்துல சாஞ்சு உக்காந்தே தூங்குது. என்ன செய்ய, பாயி நல்ல நேரத்துல தடுத்தாக. இல்லாட்டி அறுத்தும் கெட்டிருக்கும்” என்றார். என் கணவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

செல்வியின் செல்போன் நம்பர் காலண்டரின் பின்பக்கம் எழுதியிருக்கிறது. அன்றைக்குக் கிளம்பும்போது அவளே எழுதி வைத்தது. நாள்தோறும் தேதி கிழிக்கிறேன். நம்பர் அட்டையில் அப்படியே இருக்கிறது. போன் செய்து, ‘அரிசி டிரம்முக்குப் பின்னால’ என்று மட்டும் சொன்னால் போதும். அவள் புரிந்துகொள்வாள். கோயமுத்தூர் போவாள். உள்ளதைச் சொல்வாள்.

ஆனால் அவள் போனால் முருகேசன் ஏன் என்று கேட்பார். செல்வி காரணம் சொல்வாள். அவர் என் கணவரிடம் வருவார். ‘பாய், பாத்தேன்னு சொன்னீகளே...’ என்று ஆரம்பிப்பார். அந்த வாக்கியத்தை என்னால் முடித்துப் பார்க்க முடியவில்லை.

ஒரு பெண்ணின் மூச்சு பெரிதா, ஒரு மனிதரின் சொல் பெரிதா என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன் என்றால் நம்பாதீர்கள். அது மேடைக்கான கேள்வி. நான் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்த அறையை. இதை எழுதும் இந்த நோட்டுகூட இப்போது டிரம்முக்குப் பின்னால்தான் இருக்கிறது, டின்னுக்குப் பக்கத்தில்.

இன்னும் ஒரு மாதத்தில் நோன்பு வருகிறது. மதியம் அவர் என் எதிரே வந்து உட்காருவார்.

இன்று வெள்ளிக்கிழமை. கம்பத்தில் ஒரு நிக்காஹ். சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். காலையிலேயே வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். காலரில் ஒரு சுருக்கம் நின்றுவிட்டது. “இருக்கட்டும் ஜெய்த்து, யாரு பாக்கப் போறாக” என்று வாங்கப் போனார். நான் விடவில்லை. பிடுங்கி, தண்ணீர் தெளித்து, அந்தச் சுருக்கம் போகும்வரை மறுபடி தேய்த்துக் கொடுத்தேன்.

போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். செருப்புச் சத்தம் தெரு முனைவரை கேட்டது.